வளர்ப்பும் வம்சமும்

அரபு மொழியில் குழந்தை வளர்ப்பைக் குறிக்கும் சட்டச் சொல் 'ஹழானத்' என்பதாகும். அக்குளுக்குக் கீழே இடுப்பு வரையிலுள்ள விலாப்புறத்துக்கு 'ஹிழ்ன்' என்று பெயர். தாய் தன் மகவை ஏந்தி அணைத்துக்கொள்ளும் இடம் அதுவன்றோ? பறவை தன் முட்டைகளைச் சிறகடியில் வைத்து அடைகாப்பதையும் அரபிகள் அதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்லாலேயே குறிப்பர். ஃபிக்ஹு நூல்களில் இந்தப் பாடம் வரும்போது, விதிகளுக்குள் புகுமுன் சொல்லின் இப்பொருளை மாணவர்களுக்கு விளக்கிவிடுவது என் வழக்கம். யாருக்கு உரிமை, எந்த வயது வரை உரிமை என்னும் கேள்விகள் எல்லாம் பிறகு வருபவை. குழந்தைக்கு ஓர் அணைப்பு வேண்டும் என்பதே முதலில் வருவது.

நார்வே நாட்டு மொழியிலும் இதையொத்த ஒரு சொல் உண்டு. 'பார்ன்' என்றால் குழந்தை. 'வெர்ன்' என்றால் காப்பு. இரண்டும் சேர்ந்து 'பார்னவெர்ன்' என்று அந்நாட்டின் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குப் பெயராயின. பொருளளவில் குறை சொல்ல முடியாத பெயர். ஆயினும் பிற நாடுகளிலிருந்து அங்கே குடியேறி வாழும் தாய்மார் பலருக்கு இன்று அது அச்சம் தரும் பெயராகிவிட்டது. காப்பு என்னும் சொல்லைக் கேட்டு ஒரு தாய் ஏன் அஞ்ச வேண்டும்? இந்தக் கேள்வியே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். பெற்றவர்களாலேயே துன்புறுத்தப்படும் குழந்தைகள் உலகில் உண்டு. அடியாலும் பட்டினியாலும் குடிவெறியாலும் சிதையும் பிள்ளையை அரசு கைநீட்டிக் காக்கத்தான் வேண்டும். பெற்றோர் என்னும் உரிமை கொடுமை செய்வதற்கான உரிமையன்று. நம் சட்ட நூல்களும் பித்துப் பிடித்தவருக்கும், நம்பத் தகாதவருக்கும், குழந்தைக்குக் கேடு செய்பவருக்கும் ஹழானத் உரிமை இல்லை என்றே கூறுகின்றன. ஆகவே குழந்தையைப் பிரிப்பது எக்காலத்தும் கூடாது என்பது என் வாதமன்று. பிரிக்க நேர்ந்த பிறகு, அந்தக் குழந்தைக்கும் அதன் வேருக்கும் இடையிலுள்ள நூலை முற்றாக அறுத்தெறிய எவருக்கு உரிமை உண்டு என்பதே நான் கேட்பது.

நம் நாட்டு மக்கள் இந்தத் துறையின் பெயரை முதன்முதலாகப் பரவலாக அறிந்தது ஒரு வங்காளிக் குடும்பத்தின் துயரத்தால். நார்வேயின் ஸ்தவாங்கர் நகரில் வேலை பார்த்துவந்த ஓர் இந்தியரின் இரு சிறு பிள்ளைகள் 2011 மே மாதத்தில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். கையால் சோறு ஊட்டியதையும், பிள்ளையைத் தம்மோடு ஒரே படுக்கையில் உறங்க வைத்ததையும் அதிகாரிகள் குறையாகக் கண்டனர் என்று பெற்றோர் கூறினர். பண்பாட்டு வேறுபாடு காரணமன்று என்று அதிகாரிகள் மறுத்தனர். இரகசியக் காப்பு விதியைச் சொல்லி மேற்கொண்டு விவரம் தரவில்லை. இரண்டு அரசுகளும் பேசியபின் 2012 ஏப்ரலில் பிள்ளைகள் சிற்றப்பனின் பொறுப்பில் இந்தியா வந்து சேர்ந்தனர். அப்போதும் தாயின் மடிக்கு அவர்கள் வரவில்லை. அந்தத் தாய் மீண்டும் வழக்காட வேண்டியிருந்தது. 2013 ஜனவரியில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் ஆணை பெற்ற பின்னரே பிள்ளைகள் அவரிடம் வந்தனர். 2023இல் இக்கதையைத் தழுவி ஓர் இந்தித் திரைப்படமும் வந்தது.

அந்தத் தாய்க்காகக் குரல் கொடுக்க ஒரு நாடு இருந்தது, தூதரகம் இருந்தது, பத்திரிகைகள் இருந்தன. தாய்நாட்டை விட்டு ஓடிவந்து அடைக்கலம் தேடிய ஏழைக்கு இவற்றில் எது உண்டு? நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு வழக்கு அத்தகைய ஒரு தாயினுடையது.

அவர் சோமாலியாவில் பிறந்த முஸ்லிம் பெண். பதினாறு வயதளவில், 2009 நவம்பரில், கென்யாவில் ஓர் ஆண்மகவை ஈன்றார். 2010 பிப்ரவரியில் கைக்குழந்தையுடன் நார்வே சென்று அடைக்கலம் கோரினார். தாயும் சேயும் தங்கவைக்கப்பட்ட இல்லத்தினர், இவரிடம் குழந்தை பாதுகாப்பாக இல்லை என்று கவலை தெரிவித்தனர். அதே ஆண்டு செப்டம்பரில், பத்து மாதக் குழந்தையாய் இருந்தபோது, மகன் தாயிடமிருந்து எடுக்கப்பட்டான். அந்தக் கவலை நியாயமானதென்றே வைத்துக்கொள்வோம். அகதியாக வந்த பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பிள்ளை வளர்க்கத் துணை தேவைப்பட்டிருக்கலாம். அவர் அப்போது வைத்த கோரிக்கை ஒன்றுதான்: தம் மகனைத் தம் உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும், இயலாவிட்டால் ஒரு சோமாலியக் குடும்பத்திலோ ஒரு முஸ்லிம் குடும்பத்திலோ வளரவிட வேண்டும்.

அந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை. கிறித்தவ சமயப் பற்றில் ஊன்றிய ஒரு நார்வேக் குடும்பத்தில் சிறுவன் வளர்க்கப்பட்டான். தாய்க்கு ஓராண்டில் ஒருசில மணி நேரமே அவனைக் காண அனுமதி கிடைத்தது. 2013இல் அதிகாரிகள் அடுத்த படிக்குச் சென்றனர். வளர்ப்புப் பெற்றோரே அவனைத் தத்தெடுத்துக்கொள்ளட்டும், தாயின் உரிமை முழுதும் நீங்கட்டும் என்று விண்ணப்பித்தனர்.

இந்த இடத்தில் அந்தத் தாய் செய்ததை வாசகர்கள் கருத்தூன்றி நோக்க வேண்டும். மகனைத் திருப்பித் தரும்படி அவர் கேட்கவில்லை! அந்த வீட்டில் அவன் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டான், அவர்களோடு ஒன்றிவிட்டான் என்பதை உணர்ந்து, வளர்ப்பை அவர்களிடமே விட்டுவிட்டார். தத்து மட்டும் வேண்டாம். மகனை நான் அவ்வப்போது காண வேண்டும். தன் மரபையும் மார்க்கத்தையும் அவன் அறிந்திருக்க வேண்டும் என்பதே அவருடைய மன்றாட்டு. சுலைமான் நபியவர்களின் முன்னிலையில் ஒரு பிள்ளைக்காக இரு பெண்கள் வழக்காடிய வரலாற்றை நாம் அறிவோம். பிள்ளையைப் பிளக்க வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுத்தவளே உண்மைத் தாய் என்று அங்கே தீர்ப்பாயிற்று. இங்கே விட்டுக்கொடுத்த தாய்க்குக் கிடைத்தது வேறு தீர்ப்பு. 2015 மே மாதத்தில் நார்வேயின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மை முடிவால் தத்தை உறுதி செய்தது. மகனைக் காணும் உரிமையும் அத்தோடு இல்லாமற் போயிற்று. உச்சநீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்கவில்லை.

அவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2019 டிசம்பர் 17 அன்று ஏழு நீதிபதிகளும், 2021 டிசம்பர் 10 அன்று பதினேழு நீதிபதிகள் கொண்ட பேராயமும், ஒருவர்கூட மாறுபடாமல், நார்வே அவருடைய குடும்ப வாழ்வின் உரிமையை மீறிவிட்டது என்று தீர்ப்பளித்தன. முஸ்லிம் வளர்ப்பு வீடு கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் அரசைக் குற்றம் சொல்வதற்கில்லை என்றது நீதிமன்றம். தேட வேண்டியது கடமை. கிடைத்தே தீரும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால் தாய்க்கும் மகனுக்கும் இடையிலுள்ள உறவைக் காப்பதற்கும், அவனுடைய சமய, பண்பாட்டு வேரைக் காப்பதற்கும் உரிய மதிப்பை நார்வே தரவில்லை என்பதே முடிவு. தீர்ப்பு வந்தபோது சிறுவனுக்கு வயது பன்னிரண்டு. தத்தைத் தானே ரத்துச் செய்யும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு இல்லை.

இந்த வழக்கு தனித்த ஒன்றன்று. 2019 செப்டம்பர் 10 அன்று அதே பேராயம் நார்வே நாட்டுத் தாய் ஒருவரின் வழக்கிலும், பதின்மூன்று நீதிபதிகளுக்கு நால்வர் என்ற கணக்கில், உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பளித்திருந்தது. ஆகவே இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்த அநீதி என்று எண்ணிவிடக் கூடாது. அந்த மண்ணிலேயே பிறந்த ஏழை எளிய தாய்மாரும் இதே சுழலில் சிக்கியிருக்கின்றனர்.

அந்தச் சுழல் எவ்வாறு இயங்குகிறது? வழக்குகளைப் படிக்கும்போது எனக்குப் புலப்பட்டது இதுதான். முதலில் குழந்தை தாயிடமிருந்து எடுக்கப்படுகிறது. தற்காலிகம் என்பார்கள். பிறகு சந்திப்பு ஆண்டுக்குச் சில மணி நேரமாகச் சுருங்குகிறது. அதுவும் அறிமுகமற்ற ஓர் அறையில், அதிகாரியின் கண்ணெதிரில். பல மாதங்களுக்கு ஒருமுறை காணும் பெண்ணிடம் குழந்தை ஒட்டுமா? மிரண்டு அழுகிறது. வளர்ப்புத் தாயைத் தேடுகிறது. அந்த அழுகை குறிப்பேட்டில் ஏறுகிறது. ஆண்டுகள் கடந்தபின் அந்தக் குறிப்பேடே நீதிமன்றத்தில் சாட்சியாக வந்து நிற்கிறது: குழந்தைக்கு இந்தத் தாயிடம் பிணைப்பில்லை, சந்திப்பு அவனைக் கலக்குகிறது, ஆகவே உறவை முடித்துவிடுவதே அவனுக்கு நன்மை! பிரித்தவர்களே பிரிவின் விளைவைப் பிரிவுக்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். காலம் தாய்க்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிபதிகள் சுட்டிய குறைகளுள் இதுவும் ஒன்று. இத்தனை அரிதான சந்திப்புகளைக் கொண்டு ஒரு தாயின் தகுதியை அளக்க முடியாது என்றார்கள்.

நன்மை செய்கிறோம் என்னும் நம்பிக்கையோடு வேரை அறுப்பது புதிய செயலுமன்று. ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை பழங்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிடுங்கப்பட்டு இல்லங்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்க்கப்பட்டனர். பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் முதல் மூவருக்கு ஒருவர் வரை இவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997இல் வெளியான அந்நாட்டு விசாரணை அறிக்கை கணித்தது. சொந்த மொழி அவர்களுக்கு மறக்கடிக்கப்பட்டது. பலருக்குப் பெயரே மாற்றப்பட்டது. உயிரோடிருந்த தாயை இறந்துவிட்டாள் என்று சொல்லி வளர்த்ததும் உண்டு. 2008 பிப்ரவரி 13 அன்று அந்நாட்டுப் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அந்தப் பிள்ளைகளைப் பிரித்தவர்களுள் பெரும்பாலோர் கொடியவர்களல்லர். இப்பிள்ளைகளுக்கு நல்வாழ்வு தருகிறோம் என்றே நம்பினார்கள். ஒரு பிள்ளைக்கு நல்ல சோறும் நல்ல பள்ளியும் தருவதற்கு அதன் தகப்பன் பெயரை ஏன் அழிக்க வேண்டும் என்று மட்டும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்கு விடை நம் வரலாற்றில் ஒரு சிறுவனின் வாழ்க்கையாகவே இருக்கிறது. கல்பு குலத்தைச் சேர்ந்த ஹாரிதா என்பவரின் மகன் ஜைது. தாயோடு உறவினரைக் காணச் சென்றிருந்தபோது கொள்ளையரால் கவரப்பட்டு, உக்காழ் சந்தையில் அடிமையாக விற்கப்பட்டார். ஹகீம் பின் ஹிஸாம் அவரை வாங்கித் தம் மாமி கதீஜா நாயகியாருக்கு அளித்தார். அன்னையார் அவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாக வழங்கினார்கள். அங்கே தந்தை ஹாரிதா மகனைக் காணாது ஊரூராக அலைந்தார். புலம்பிக் கவிதையும் பாடினார். மகன் மக்காவில் இருப்பதாகச் செய்தி கிடைத்ததும், தம்பியை உடனழைத்துக்கொண்டு, மீட்புப் பணத்தோடு ஓடிவந்தார்.

பெருமானார் பணம் கேட்கவில்லை. முடிவைச் சிறுவரிடமே விட்டார்கள். அவர் உங்களோடு வர விரும்பினால் ஈடின்றியே அழைத்துச் செல்லலாம் என்றார்கள். ஜைதோ தந்தையோடு செல்லாமல் பெருமானாரிடமே இருந்துவிட விரும்பினார். பெருமானார் அவரைக் கஃபாவின் அருகே அழைத்துச் சென்று, இவர் என் மகன் என்று மக்கள் முன் அறிவித்தார்கள். ஹாரிதாவும் மனம் ஆறித் திரும்பினார். அன்று முதல் மக்காவாசிகள் அவரை 'ஜைது பின் முஹம்மத்' என்றே அழைத்தனர்.

உலகிலேயே சிறந்த வளர்ப்பு வீடு அது. அடக்குமுறை இல்லை; பிள்ளையே விரும்பித் தங்கிய வீடு. பெற்ற தந்தையும் அதை ஒப்புக்கொண்டார். தகப்பன் பெயரை மாற்றுவதற்கு இதைவிடத் தகுந்த காரணம் எந்தப் பிள்ளைக்காவது அமையுமா? அப்படியிருந்தும் மதீனாவில், அஹ்ஸாப் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது அவற்றின் கட்டளை. ஜைது (ரலி) மீண்டும் 'ஜைது பின் ஹாரிதா' ஆனார். பாசத்தில் ஒரு துளியும் குறையவில்லை. நபித்தோழர்களுள் திருமறையில் பெயர் குறிக்கப்பெற்றவர் அவர் ஒருவரே. முஅத்தா போர்ப்படைக்கு முதல் தளபதியாக அவரையே பெருமானார் நியமித்தார்கள். நபியவர்களின் இல்லத்தில் வளர்ந்தாலும் மகன் ஹாரிதாவின் மகனே. வளர்ப்பு வேறு, வம்சம் வேறு. ஒன்றைக் கொடுப்பதற்காக இன்னொன்றைப் பறிக்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டம் ஏட்டளவில் எளிது, வாழ்க்கையில் கடினம். நான் பணியாற்றிய ஒரு மதரஸாவில் ஓராண்டு ஷவ்வால் மாதச் சேர்க்கையின்போது, பிள்ளைப்பேறில்லாத ஒரு தம்பதியர் ஏழு வயதுச் சிறுவனை அழைத்துவந்தனர். அவன் அந்த அம்மையாரின் தங்கை மகன். நான்கு பெண்களுக்குப் பின் பிறந்தவன், குடும்பம் வறியது, தகப்பனார் மீன்பிடித் தொழிலாளி. கைக்குழந்தையாய் இருந்தபோதே பெரியம்மா எடுத்து வளர்த்தார். பதிவேட்டில் தகப்பனார் பெயர் என்னும் இடத்தில் தம் பெயரை எழுதும்படி அவர் கணவர் கேட்டார். "ஹழ்ரத், ஒரு நாளும் அவனை நாங்க வேறயா நெனச்சதில்லையே" என்றபோது அவர் குரல் உடைந்தது. அந்த மனிதரின் அன்பில் எனக்கு ஐயமே இல்லை.

நான் ஜைது நாயகத்தின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். "காக்கா, உங்கள் பெயருக்கு இந்த ஏட்டில் இடம் உண்டு. அடுத்த கட்டத்தில், காப்பாளர் என்னும் இடத்தில் உங்கள் பெயரைத்தான் எழுதப்போகிறேன். கையெழுத்தும் உங்களுடையதுதான். தகப்பனார் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள், அது உங்களுக்கும் எனக்கும் உரியதன்று, அந்தப் பிள்ளைக்கு உரியது" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார். அம்மையார்தாம் தலையசைத்தார். அந்த ஆண்டு ஆண்டுவிழாவில் சிறுவன் கிராஅத் ஓதியபோது முன்வரிசையில் இரண்டு தகப்பன்மார் அருகருகே அமர்ந்திருந்தனர். ஒருவர் வெள்ளைச் சட்டையில்; ஒருவர் கடற்காற்றில் கறுத்த முகத்தோடு. பிள்ளைக்கு ஒன்றும் குறையவில்லை. ஒருவர் கூடினார், அவ்வளவுதான்.

நம் ஷரீஅத்தின் போக்கே இவ்வாறு உறவைக் கூட்டும் போக்காக இருப்பதைக் காணலாம். இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தைக்குப் பாலூட்டியவள் அதற்குப் பால்குடித் தாயாகிறாள். ஷாபிஈ மத்ஹபில் அதற்கு ஐந்து முறை ஊட்டியிருக்க வேண்டும், ஹனஃபி மத்ஹபில் ஒருமுறை ஊட்டினும் போதும். இதனால் பெற்ற தாய் தாயல்லாதவளாகிவிடுவதில்லை. பிரிந்த பெற்றோரிடையே பிள்ளை வளர்வதைப் பற்றி ஷாபிஈ நூல்கள் வகுத்த ஒழுங்கும் அத்தகையதே. விவரம் தெரியும் வயதில் பையன் தாயைத் தேர்ந்தால், இரவில் தாயிடமும் பகலில் தந்தையிடமும் இருப்பான். தந்தை அவனுக்குக் கல்வியும் தொழிலும் பயிற்றுவிப்பார். அவன் தந்தையைத் தேர்ந்தால், தாயைக் காணச் செல்வதைத் தந்தை தடுக்கலாகாது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூல்களில் சந்திப்புக்கு இத்தனை இடம்! ஆண்டுக்குச் சில மணி நேரம் என்பதை அந்த அறிஞர்கள் சந்திப்பென்றே கருதியிருக்க மாட்டார்கள்.

ஆதரவற்ற குழந்தையை, அதன் தந்தைவழி அடையாளம் மாறாமல், பொறுப்பேற்று வளர்ப்பதற்கு 'கஃபாலத்' என்று பெயர். மர்யம் அம்மையாரை ஜகரிய்யா நபியவர்கள் வளர்த்ததைத் திருமறை இந்தச் சொல்லின் வேரைக் கொண்டே கூறுகிறது. இது முஸ்லிம்களின் பழைய வழக்கம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் இருபதாம் விதி கஃபாலத்தைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. குடும்பத்தை இழந்த குழந்தையின் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சிக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. நார்வே அந்த உடன்படிக்கையை 1991இல் ஏற்றது. இந்தியா 1992இல் ஏற்றது. ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகள் தொடர்ந்து வந்தபின், 2020 மார்ச்சில் நார்வேயின் உச்சநீதிமன்றமே தன் நாட்டு நடைமுறை திருந்த வேண்டும் என்று வழிகாட்டியது. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் குழந்தையின் சமய, மொழி, பண்பாட்டுப் பின்னணிக்கு வெளிப்படையாக இடம் தந்திருக்கிறது. ஒரு தாயின் பதினோராண்டுப் போராட்டமும் அவரைப் போன்றோரின் கண்ணீரும் இந்த மாற்றத்தில் கலந்திருக்கின்றன. நன்மையை நன்மையென்று சொல்வதே நீதி.

இனி நம் வீட்டுக்குள்ளும் சற்று நோக்குவோம். மேனாட்டு அதிகாரியைக் கண்டிப்பது எளிது. நம் ஊர்களில் இளம் விதவை ஒருத்தி மறுமணம் செய்துகொண்டால் நடப்பதென்ன? பிள்ளையை மாமனார் வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். பெற்றவள் தெருமுனையில் நின்று பள்ளி விடும் நேரம் பார்த்து மகனைக் கண்டு செல்லும் நிலை சில இடங்களில் உண்டு. அவள் அனுப்பிய பெருநாள் துணி திருப்பி அனுப்பப்படுகிறது. கேட்டால், மறுமணம் செய்தவளுக்கு ஹழானத் உரிமை கிடையாதென்று கிதாபைக் காட்டுகிறார்கள். கிதாபை முழுதும் படிக்க வேண்டாமா? அயலாரை மணந்த தாயின் முன்னுரிமை நீங்கும் என்று கூறும் அதே நூல்கள், அடுத்த உரிமையைத் தாயின் தாய்க்குத் தருகின்றன. வளர்க்கும் உரிமை நீங்குவதால் காணும் உரிமை நீங்குவதில்லை என்றும் கூறுகின்றன. பாதியைப் படித்துத் தாயைத் துரத்துபவருக்கும், குறிப்பேட்டைப் படித்துத் தாயைத் துரத்தும் அதிகாரிக்கும் என்ன வேறுபாடு?

நம் ஜமாஅத்துகள் இதில் செய்யக் கூடியவை பல. தலாக்கோ மறுமணமோ பதியப்படும் வேளையில், பிள்ளை யாரிடம் வளரும் என்பதோடு, மற்றவர் எந்தெந்த நாளில் வந்து காண்பார் என்பதையும் எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். யத்தீம்கானாக்களில் சேரும் பிள்ளைகளில் தாய் உயிரோடிருப்பவர்கள் மிகப் பலர். வறுமையொன்றே அவர்களை அங்கே கொண்டுவருகிறது. அந்தத் தாய்க்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை கிடைத்தால் பிள்ளை அவள் மடியிலேயே வளரும். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பேணும் செலவை, அதன் வீட்டிலேயே வைத்துப் பேணச் செலவிடலாகாதா என்று நிர்வாகிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அந்நாட்டுச் சட்டத்தை அறிந்து நடவுங்கள். பிள்ளையை அடிப்பதை நார்வே 1987 முதலே சட்டப்படி முற்றாகத் தடுத்திருக்கிறது. அதிகாரி வந்தால் ஒளியவும் வேண்டாம், சீறவும் வேண்டாம். மொழி தெரியாதபோது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையை ஏற்கத்தக்க உறவினர் இன்னின்னார் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். சந்திப்பு நாள் ஒன்றையும் தவறவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள். அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள், வளர்ப்புப் பெற்றோராக முன்வந்து அரசிடம் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தச் சோமாலியச் சிறுவனுக்கு ஒரு முஸ்லிம் வீடு கிடைக்கவில்லை என்றுதான் நீதிமன்ற ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த குழந்தைக்காக அதிகாரிகள் தேடும்போது, திறந்த கதவுகள் சிலவாவது அந்த ஊரில் இருக்கட்டும்.